லாயத்துக் கதவைத் திறந்து விடுங்கள்!

கீரனூர்ப் பக்கத்திலிருந்து மணப்பாறைச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகும் ஒரு விவசாயத் தொழிலாளி என்ன செய்கிறார்? மாட்டைச் சுற்றி வருகிறார். வாயைப் பிளந்து பல்லை எண்ணுகிறார். சுழி பார்க்கிறார். குளம்பைத் தூக்கிப் பார்க்கிறார். பத்தடி நடக்கவிட்டு, நொண்டுகிறதா என்று கவனிக்கிறார். இவ்வளவும் ஆன பிறகுதான் தரகர் துண்டை எடுத்துப் போட, துண்டுக்கு அடியில் விரல்கள் விலை பேசுகின்றன. "மாடு கொட்டகைக்குள் இருக்கிறது, பார்க்க விடமாட்டேன், பணத்தை மட்டும் கட்டு" என்று ஒரு வியாபாரி சொன்னால் என்ன ஆகும்? சந்தையே கைகொட்டிச் சிரிக்கும்.

ஆனால், கனவான்கள் நடத்துகிற ஒரு சந்தை இருக்கிறது. அங்கே இதுதான் சட்டம். அதன் பெயர் குதிரைப் பந்தயம்.

கீரனூருக்கு அருகே ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர் ஒரு தோழர். ஆலையில் ஷிப்டு குறைந்ததும் பெரிய நகரம் ஒன்றுக்குப் பிழைக்கப் போனார். எந்த நகரம், எந்த மைதானம் என்பது இங்கே தேவையில்லை. கட்டட வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு போய் ரேஸில் விட்டார். பொங்கலுக்கு வெறும் கையோடு வந்து இறங்கினார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"அண்ணே, அந்தக் குதிரைக்கு முதல் நாள் ராத்திரியே முன்னங்கால் சூடு கண்டிருந்துச்சாம். தீனியும் எடுக்கலையாம். லாயத்துக்காரங்களுக்கு எல்லாம் தெரியுமாம். எனக்கு மட்டும் ஏண்ணே தெரியலை?"

"உனக்கு எதற்கப்பா இந்தச் சூதாட்டம்?" என்று கடிந்து கொள்ளத்தான் முதலில் எனக்கு வாய் வந்தது. கடிந்தும் கொண்டேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பி நடக்கையில் அந்தக் கேள்வி காலைச் சுற்றிக்கொண்டது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

சூதாட்டம் என்று நாம் சொல்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை! 1974-ல் தமிழ்நாடு சட்டமன்றம் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தது. கருணாநிதி அப்போது முதலமைச்சர். கிண்டியில் ரேஸ் நடத்தும் மெட்ராஸ் ரேஸ் கிளப் உடனே கோர்ட்டுக்குப் போனது. 1986-ல் எம்.ஜி.ஆர். சர்க்கார், கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் செய்தது. அதையும் எதிர்த்து வழக்கு. கடைசியில் 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தால் நடப்பதல்ல, திறமையால் நடப்பது. ஆகவே அது சூதாட்டம் ஆகாது. எடுத்துக்கொண்ட சட்டமும் செல்லாது. கிளப் ஜெயித்தது.

எந்தத் திறமை? குதிரைக்குப் பயிற்சியும் ஜாக்கிக்குத் திறமையும் இருக்கின்றன. பணம் கட்டுகிறவர் குதிரையின் வம்சம், உடல் நிலை, முந்தைய ஓட்டம், ஏறுகிறவரின் சாமர்த்தியம் எல்லாவற்றையும் எடை போட்டுக் கட்டுகிறார், ஆகவே அவரிடமும் அறிவு வேலை செய்கிறது என்பது அந்த வாதம்.

சரி. வாதத்துக்கு ஒப்புக்கொள்வோம். பந்தயம் அறிவின் விளையாட்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த அறிவு இருக்கிற இடம் எது? ரேஸ் புத்தகத்திலா? கட்டணம் கொடுத்து ஏறும் ஸ்டாண்டிலா? இல்லை! அது லாயத்தில் இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்குக் குதிரைக்குத் தீனி வைக்கிற கை அதை அறியும். கால் நரம்பைத் தடவிப் பார்க்கிற விரல் அதை அறியும். இருமல், வியர்வை, மிச்சம் வைத்த கொள்ளு, புதிதாக அடித்த லாடம், காலில் சுற்றிய கட்டு, இவை எல்லாம் சேர்ந்ததுதான் குதிரையின் "உடல் நிலை". அந்த லாயத்தின் கதவு சாதாரண ஜனங்களுக்குப் பூட்டிக் கிடக்கிறது. உரிமையாளர் போகலாம். பயிற்சியாளர் போகலாம். அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் போகலாம். நூறு ரூபாய் கட்டுகிறவர் வாசலிலேயே தடுத்து நிறுத்தப்படுவார். பந்தயத்துக்குச் சில நிமிஷங்கள் முன்னால் வளையத்தில் குதிரைகளை நடத்திக் காட்டுவார்கள். கம்பிக்கு இந்தப்புறம் நின்று பார்க்கலாம். அவருக்குக் கிடைக்கிற தரிசனம் அவ்வளவுதான்.

கோர்ட்டுக்குள் போகும்போது "இது அறிவு" என்கிறார்கள். லாயத்து வாசலில் "அந்த அறிவு உனக்கு இல்லை" என்கிறார்கள். ஒரே வாயால் இரண்டு பேச்சு!

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். டோட் என்ற கணக்கைப் புரிந்துகொண்டால் விளங்கிவிடும். ஜனங்கள் கட்டுகிற பணம் முழுவதும் ஒரு பானையில் விழுகிறது. சர்க்கார் வரியும் கிளப்பின் பங்கும் போக, மிச்சத்தை ஜெயித்த குதிரையின் மேல் கட்டியவர்கள் பங்கு போட்டுக் கொள்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு காசும் அந்தப் பானையில் விழுவதில்லை. ஆகவே, தெரிந்தவன் அள்ளுவது தெரியாதவன் போட்டதைத்தான். கால் சூடு கண்ட குதிரை ஓடாது என்று அறிந்தவன் வேறு குதிரைக்குக் கட்டுகிறான். அறியாதவன், நேற்று வரை நன்றாக ஓடிய குதிரையாயிற்றே என்று அதற்கே கட்டுகிறான். லாயத்துச் சேதி உரிமையாளரின் காதுக்குப் போகிறது. அங்கிருந்து அவருடைய நண்பரின் காதுக்கு. அங்கிருந்து புக்கியின் பலகைக்கு. நம்முடைய தோழர் அதைக் கேள்விப்படும்போது பந்தயம் முடிந்து, கிழித்துப் போட்ட டிக்கெட்டுகள் காற்றில் பறந்துகொண்டிருக்கும்.

இதற்கு நடுவே சர்க்காரின் கை வேறு. 2025 செப்டம்பர் முதல் பந்தயப் பணத்தின் மேல் ஜி.எஸ்.டி. 40 சதவிகிதம். அதற்கு முன் 28. லாயத்தை ஜனங்கள் பார்க்கக்கூடாது என்பதில் சர்க்காருக்கு ஆட்சேபணை இல்லை. பார்க்காமல் கட்டுகிற பணத்தில் பங்கு கேட்பதிலும் கூச்சம் இல்லை.

தோழர்களே, இந்தக் கனவான்களின் குதிரைக்கு நாம் தீனி போடுவது இன்று நேற்று ஆரம்பித்த கதை அல்ல. நம்முடைய மண்ணிலேயே அதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1886 முதல் 1928 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மன்னராக இருந்தவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். 1915-ல் ஆஸ்திரேலியாவில் மாலி பிங்க் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார். அவர் யாரை மணந்தாலும் நமக்கென்ன. வெள்ளைக்காரத் துரைத்தனத்துக்குத்தான் அது பொறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு. அவர் ஆஸ்திரேலியாவில் பந்தயக் குதிரைகள் வாங்கி ஓட விட்டார். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? சமஸ்தானத்துக் கஜானாவிலிருந்து. கஜானாவுக்கு எங்கிருந்து வந்தது? கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்ட குளத்தூர் தாலுகாவிலும், ஆலங்குடியிலும், திருமயத்திலும் வானம் பார்த்த பூமியை உழுதவனின் தீர்வையிலிருந்து. கண்மாய் வற்றிக் கிடந்த வருஷத்திலும் கொடுத்த தீர்வை அது! சிட்னி நகரத்தில் ஓடிய அந்தக் குதிரைகளின் வாலைக்கூட நம் பாட்டன்மார் பார்த்ததில்லை. மன்னர் 1928-ல் பாரிஸில் இறந்தார். சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. ராஜா போனார். குதிரைக்குத் தீனி போடுகிறவன் அதைப் பார்க்கக்கூடாது என்ற முறை மட்டும் போகவில்லை.

கிண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1777 முதலே அங்கே வெள்ளைக்காரர்கள் குதிரை ஓட்டினார்கள். 1896-ல் கிளப் வந்தது. சர்க்கார் நிலம் 160 ஏக்கர் 86 சென்ட்டை, சுதந்திரத்துக்கு முன்பே, 1940-களின் நடுவில், 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். வருஷ வாடகை எவ்வளவு தெரியுமா? 614 ரூபாய் 13 காசு! ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை. 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். ஆக, சுட்டெரிக்கும் வெயிலில் கண்மாய் மண்ணைச் சுமக்கும் ஒரு பெண்ணின் இரண்டு நாள் கூலி, கனவான்களின் 160 ஏக்கருக்கு ஒரு வருஷ வாடகையை விட அதிகம். நம் பக்கத்தில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர் பாக்கி வைத்தால் எத்தனை நாளில் நோட்டீஸ் வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

வாடகையை உயர்த்திக் கேட்டதற்கும் கிளப் வழக்காடியது. 1970 முதல் 2004 வரைக்கான பாக்கி மட்டும் 730 கோடியே 86 லட்சம் ரூபாய். அதைக் கட்டச் சொல்லி 2023 மார்ச்சில் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்து செய்து வாசலுக்குச் சீல் வைத்தது. பிறகு மறுபடி வழக்கு, மறுபடி மேல்முறையீடு. அதற்கு மூன்று மாதம் முன்பே, 2024 ஜூனில், உதகமண்டலத்து ரேஸ் மைதானம் 52 ஏக்கரையும் சர்க்கார் மீட்டது. அங்கே குத்தகைக் காலம் முடிந்தது 1978-ல்! நாற்பத்தாறு வருஷம் குத்தகை இல்லாமலே அந்த நிலத்தில் குதிரை ஓடியிருக்கிறது. மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்டுவது, பூங்கா அமைப்பது என்று இந்த நிலங்களுக்கு இப்போது திட்டம் சொல்கிறார்கள். நல்லது. வேளச்சேரியில் வெள்ளத்தில் மிதந்த ஏழை வீடுகளுக்கு அது உதவும் என்றால் இரண்டு கையாலும் வரவேற்கிறோம்.

பம்பாயில் வேறு விதமாக நடந்தது. மகாலட்சுமி ரேஸ் மைதானம் 211 ஏக்கர். அதில் 120 ஏக்கர் பூங்காவுக்கு, 91 ஏக்கர் கிளப்புக்கு என்று 2024-ல் ஏற்பாடாயிற்று. அந்தப் பேச்சின்போது, குதிரை லாயங்களைப் புதுப்பிக்க மாநகராட்சி சுமார் 100 கோடி ரூபாய் தருவது என்று ஒரு யோசனை கிளம்பியது. ஜனங்கள் கொதித்தார்கள். நியாயம்தானே? லாயம் கட்ட நம் வரிப்பணம் வேண்டும். லாயத்துக்குள் போக மட்டும் நாம் வேண்டாம்!

இங்கே கிளப்காரர்கள் எழுந்து நின்று பதில் சொல்வார்கள். "கூட்டம் வந்தால் குதிரை மிரளும். எவனாவது ஊசி போட்டுவிடுவான். நோய் தொற்றும்." இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. 2008-ல் இந்தியாவில் குதிரைக் காய்ச்சல் பரவியது. மருந்து கொடுத்து ஓட விடும் மோசடி உலகம் முழுவதும் உண்டு. அதனால், ஆயிரம் பேரை லாயத்துக்குள் அடைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி: குதிரைக்கு மருந்து கொடுக்க நெருங்க முடிந்தவன் யார்? கம்பிக்கு வெளியே நிற்கும் கூலிக்காரனா, உள்ளே போகச் சீட்டு வைத்திருப்பவனா? பூட்டு எப்போதுமே திருடனை வெளியே நிறுத்துவதில்லை. சில சமயம் அவனை உள்ளே வைத்துக் காப்பாற்றுகிறது.

நம் வட்டாரத்து ஜல்லிக்கட்டைப் பாருங்கள். வாடிவாசலுக்கு வரும் காளையை, வரிசையில் நிற்கும்போதே, ஊர் பார்க்கக் கால்நடை மருத்துவர் பரிசோதிக்கிறார். காளை மிரள்கிற ஜாதிதான். அதற்காக அதைத் திரை போட்டு மறைத்தா கொண்டு வருகிறார்கள்? எங்கள் ஊர்ப் பக்கம் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயத்திலும், வண்டி பூட்டும் இடத்தில் சிறுவர்கள் முதல் கிழவர்கள் வரை சுற்றி நிற்பார்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதைக்கூட பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வெளிநாட்டில் எப்படி? இங்கிலாந்தில் நியூமார்க்கெட் என்று ஒரு ஊர். ஊரே பந்தயக் குதிரைகளால் பிழைக்கிறது. காலையில் குதிரைகள் தெருவைக் கடந்து பயிற்சித் திடலுக்குப் போகும். யாரும் நின்று பார்க்கலாம். பகல் ஒரு மணிக்குப் பிறகு அந்தத் திடலில் ஊர் ஜனங்கள் நடக்கலாம். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துக் கீன்லாண்டில், காலைப் பயிற்சியைப் பார்க்கப் பொதுமக்கள் வருவது நெடுநாள் வழக்கம். சரடோகாவில் லாயப் பகுதியைச் சுற்றிக் காட்ட வண்டியே விட்டிருக்கிறார்கள். ஹாங்காங் கிளப், ஒவ்வொரு குதிரைக்கும் வந்த நோய், காயம், வைத்தியக் குறிப்பு ஆகியவற்றை எவரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. இவர்கள் யாரும் நம் கட்சிக்காரர்கள் அல்ல! பெரும் முதலாளிகள். தங்கள் வியாபாரம் நம்பிக்கையில் நடக்க வேண்டும் என்பதற்காகவாவது அவர்கள் கொஞ்சம் கதவைத் திறக்கிறார்கள். நம்மூர்க் கனவான்களுக்கு அந்த அளவு வெட்கம்கூட இல்லை. காலைப் பயிற்சியில் குதிரை எத்தனை வினாடியில் ஓடியது என்ற கணக்கு நம்மூர் ரேஸ் பத்திரிகைகளிலும் வருகிறது என்பார்கள். வருகிறது, பெரும்பாலும் இங்கிலீஷில். வினாடிக் கணக்கு சொல்லுமா, குதிரை ராத்திரி தீனி தின்றதா என்பதை?

கதவு பூட்டியிருப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. உள்ளே வேலை செய்கிற குதிரைக்காரர்களை வெளியுலகம் பார்ப்பதில்லை. விடியலுக்கு முன் எழுந்து லாயம் கூட்டி, சாணி அள்ளி, குதிரையைத் தேய்த்து, நடத்தி, தீனி வைத்து, இரவிலும் காவல் கிடப்பவர்கள் அவர்கள். குதிரை ஜெயித்தால் கோப்பையை உரிமையாளர் வாங்குகிறார். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு படத்தின் ஓரத்தில் நிற்பவர் குதிரைக்காரர். லட்சக்கணக்கில் விலை போன குதிரைக்கு விசிறி இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார். அதைப் பார்த்துக்கொள்கிறவர் எங்கே படுக்கிறார், உதை பட்டுக் கால் முறிந்தால் யார் செலவு செய்கிறார், அவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? ஆலைக்குள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் தரை கழுவப்படுவது நூற்பாலைத் தோழர்களுக்குத் தெரியும். யாருமே வராத இடத்தில் தரை எப்படி இருக்கும்?

மைதானங்களைச் சர்க்கார் மீட்டபோது முதலில் வயிறு கலங்கியது இவர்களுக்குத்தான். கிளப் உறுப்பினருக்கு வேறு கிளப் இருக்கிறது. குதிரையைக்கூட வண்டியில் ஏற்றிப் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ அனுப்பிவிடலாம். குதிரைக்காரர் குடும்பத்தை எந்த வண்டியில் ஏற்றுவது? பூங்கா அமைக்கும் அதிகாரிகள் மரத்தின் பெயரை எழுதிய காகிதத்தில் இந்த மனிதர்களின் பெயரையும் எழுத வேண்டும்.

சில தோழர்கள் கேட்பார்கள்: "ரேஸையே ஒழிக்க வேண்டும் என்றல்லவா நாம் சொல்ல வேண்டும்? லாயத்தைத் திற என்று கேட்டால், ஆட்டத்தை ஒத்துக்கொண்டது போல ஆகாதா?" இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளவில்லை. உழைப்பாளியின் கூலியை உறிஞ்சும் எந்தப் பந்தயமும் தொலைய வேண்டும்; அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் 1974-ல் போட்ட சட்டம் எதில் தடுக்கி விழுந்தது? "இது அறிவு" என்ற வாதத்தில். அந்த வாதத்தின் வாலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். லாயத்தைத் திறந்தால் பந்தயம் நேர்மையாக நடந்தாக வேண்டும். லாயத்துச் சேதியை விற்றுப் பிழைப்பவன் பட்டினி. திறக்க மறுத்தால், ஜனங்களுக்கு அறிவு கிடைக்க வழியில்லாத ஆட்டம் இது என்று கிளப்காரர்களே சாட்சி சொன்னதாகும். அப்புறம் எந்த முகத்தோடு கோர்ட்டில் நிற்பார்கள்?

கிண்டி வழக்கு எப்படி முடிந்தாலும் சரி; பெங்களூர், மைசூர், ஹைதராபாத், பூனா, பம்பாய், கல்கத்தா என்று மைதானங்கள் இருக்கின்றன. நம் ஊர்ப் பிள்ளைகள் பிழைக்கப் போகும் நகரங்கள் அவை. காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குக் கம்பிக்கு வெளியே நின்று லாயத்தையும் பயிற்சியையும் பார்க்க எவரையும் விட வேண்டும். ஒவ்வொரு குதிரையின் வைத்தியக் குறிப்பையும் பந்தயத்துக்கு முதல் நாளே அந்தந்த ஊர் மொழியில் பலகையில் ஒட்ட வேண்டும். லாயத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பதிவேடு, மருத்துவக் காப்பு, குடியிருப்பு வேண்டும். மீட்கப்பட்ட நிலத்தில் வரும் வேலையில் முதல் இடம் அவர்களுக்கு. சர்க்கார் வரியைச் சரியாக எண்ணி வாங்குகிறதே, இதையும் செய்ய அதற்குக் கை இருக்கிறது.

இதைக் கேட்டு மாதர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆலைச் சங்கமும் மனு எழுதலாம். எழுதும்போது ஒன்று: லாயத் தொழிலாளிகளைத் தேடிப் போய்ப் பேசி, அவர்கள் கையெழுத்தை முதலில் வாங்குங்கள். நம்முடையது அதற்குக் கீழே இருக்கட்டும்.